திமிங்கலக் குட்டிக்கு ஒப்பாரி

கரை ஒதுங்கிய திமிங்கலத்துக்குப் பட்டு சாத்தி அழுத ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். எங்கள் கருவாட்டு முதலாளி மணிவேல்தான் அந்த மகான்.

சுனாமி வந்த மூன்றாம் வருஷம், தை மாதம். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒரு திமிங்கலக் குட்டி செத்து ஒதுங்கியது. குட்டி என்று பேர்தான், இருபத்தைந்து அடி இருக்கும். மணிவேல் தருமபுரத்து மாடி வீட்டிலிருந்து காரில் வந்து இறங்கினான். பத்திரிகைக்காரன் வரும்வரை பேசாமல் நின்றான். கேமரா வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கடலாத்தா பெத்த புள்ளைங்க இது! ஃபேக்டரிக்காரனுங்க கண்ட விஷத்தையும் கடல்ல வுட்டுக் கொன்னுட்டானுங்க!"

த்தூ! இவன் கருவாட்டுக் களத்தில் பெய்கிற மழைத்தண்ணீர் எங்கே போகிறதாம், மலை ஏறியா போகிறது?

அந்தக் களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனைக் காயப் போட்டால் ஈ மொய்க்கும், புழு வைக்கும். அதற்காக மூட்டையில் வெள்ளைப் பொடி வரும். டி.டி.டி. பொடி. பெண்கள் நாங்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, கோலமாவு மாதிரி கையால் அள்ளித் தூவுவோம். முதலாளி வீட்டுக்குப் போகிற வஞ்சிரக் கருவாடு மட்டும் ஓரமாகத் தனிப் பாயில் காயும். அதற்குப் பொடி கிடையாது. போட்டால் ருசி கெட்டுவிடுமாம். பணக்கார நாக்கு என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பொடியில் கை வைத்தவள் நான். மூட்டு வலி வந்து நான் நின்றதும் என் மகள் அல்லி போக ஆரம்பித்தாள். அப்போது அவளுக்கு எட்டாம் மாசம், தலைச்சன் பிள்ளை.

திமிங்கலத்தைச் சுற்றி நின்ற ஆபீசர்கள் எல்லாம் மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளியே நின்றார்கள். பக்கத்தில் போனது ஒரே ஒரு பெண். பாரதிப்ரியா என்று பேர், யுனிவர்சிட்டியில் கடல் ஆராய்ச்சி செய்கிறவள். அந்த நாற்றத்தில் குந்தி உட்கார்ந்து, தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பை அறுத்து அறுத்து பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"எதுக்கும்மா கொழுப்ப அறுக்குற? எண்ணெய் காய்ச்சவா?"

"இல்லக்கா. விஷம் கொழுப்புலதான் போயித் தங்கும். பூச்சி மருந்து கடலுக்கு வந்து சின்னச் சின்ன உயிர்ல ஏறும். அதத் தின்னுறதுல ஏறும். பெரிய உடம்புல சேந்து சேந்து வருஷக் கணக்கா நிக்கும். இதுல எவ்வளவுன்னு லேப்ல பாத்தாத்தான் தெரியும்."

"இது பால் குடிக்கிற குட்டியாச்சே. இது என்னத்தத் தின்னுச்சு?"

"பால்லயேதான்க்கா வருது. தாய் உடம்புல சேந்தது பாலோட குட்டிக்கு இறங்கும். தலைச்சன் குட்டிக்குத்தான் அதிகம். அடுத்தடுத்து பொறக்கிறதுக்குக் கொறயும்."

"என்ன பூச்சி மருந்து?"

"டி.டி.டி. மாதிரிக்கா."



அல்லிக்கு முன்னால் எனக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. நாற்பதாம் நாள் போய்விட்டது. ராசியில்லாத பாலு என்றாள் என் மாமியார். பச்சைப் பிள்ளைக்கு எங்கள் ஊரில் ஒப்பாரி கிடையாது. அழுதால் அடுத்தது தங்காது என்று வாயைப் பொத்தினார்கள். பழைய சேலையில் சுற்றிப் புதைத்துவிட்டு வந்தார்கள். அவனைப் பற்றி அல்லியிடம்கூட நான் மூச்சு விட்டதில்லை. என் பால்தான் கெட்டது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், முட்டாள் சிறுக்கி.

பாரதிப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க புள்ளைக்கு அதுதான்னு என்னால சொல்ல முடியாதுக்கா. தெரியாது. உங்க மக பால் குடுக்கலாம், தாராளமா குடுக்கட்டும். ஆனா அந்தப் பொடிய இனிமே அவ தொடவே கூடாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஆளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அல்லி களத்திலிருந்து அப்படியே வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். முழங்கை வரை வெள்ளை. அவளை இழுத்துவைத்து, இனிமேல் பொடியைத் தொடாதே என்று சொன்னேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

"சும்மா பயமுறுத்தாதம்மா. நீயும் இதே வேலதான பாத்த? உனக்கு என்னா ஆயிடுச்சு?"



அதற்குள் பட்டு வந்துவிட்டது, மாலை வந்துவிட்டது, மஞ்சத்தண்ணி வந்துவிட்டது. புதைக்கக் குழியும் தோண்டியாயிற்று. மணிவேல் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் என்னுடையதுதான்.

"அஞ்சுகம், ஒரு ஒப்பாரி வையி. டிவிக்காரங்க புடிக்கிறாங்க. நல்லா உருக்கமா இருக்கணும், தெரியுதா?"

என் பிள்ளைக்கு இல்லாத ஒப்பாரி இதற்கு. சரி, வைக்கிறேன்டா. தலைமுடியை அவிழ்த்துவிட்டு அந்தக் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்பில் ஓர் அடி வைத்து எடுத்தேன்.

"பாலுன்னு குடிச்சியே என் கண்ணே – அதுல
பொடி கலந்த சேதி தெரியலையே!
நாப்பது நாள் பாத்தேனே என் ராசா – உனக்கு
அழக்கூட ஆகாதுன்னு பொத்துனாங்களே!"

பெண்கள் கூடவே ஆரம்பித்துவிட்டார்கள். மணிவேல் கேமராவுக்கு வாகாக நின்று மூக்கை உறிஞ்சினான். நான் விடவில்லை.

"ஊருக்கெல்லாம் பொடிக் கருவாடு என் கண்ணே – மொதலாளி
வீட்டுக்கு மட்டும் தனிப்பாயி!
ருசிக்கின்னு நெனச்சேனே பாவி – அவருக்கு
விஷமுன்னு தெரிஞ்சிருக்கே!"

கூட அழுத பெண்கள் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் திரும்பி மணிவேலைப் பார்த்தார்கள். தனிப் பாயைப் பார்க்காதவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் இல்லை. அவன் முகம் கறுத்துவிட்டது.

"ஏய்! நிறுத்து! தம்பி, கேமராவ ஆஃப் பண்ணுப்பா!"

"எழவுல ஒப்பாரிய நடுவுல நிறுத்துவாங்களா மொதலாளி? மாசமா இருக்குற ஒங்க மருமவள நாளைக்குக் களத்துக்கு அனுப்புங்க. பொடியத் தூவட்டும். ஒண்ணும் ஆவலன்னா எம்மவளும் வருவா."

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான்.  காரின் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். குட்டிமேல் சாத்திய பட்டு மட்டும் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது.

அல்லி என் பக்கத்தில் வந்து மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தானாம்மா?"

"இருந்தான். நாப்பது நாளு."

அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கழுவுவதற்காக அலையைப் பார்த்து நடந்தாள்.

"அடியே, கடல்ல கழுவாத" என்றேன். "இன்னொரு தாயும் அங்க பால் குடுக்குதுடி. வீட்டுக்கு வா."