கறுத்த பிளக்

பைக்கின் ஸ்பார்க் பிளக் முனை கறுத்திருந்தது. மஹிமாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கறுப்பென்றால் இன்ஜினுக்குப் பெட்ரோல் தாராளமாகப் போகிறது, பயமில்லை. வெளுத்தால்தான் ஆபத்து. காலையிலிருந்து தம்பி அஷ்வத் வண்டியை மைதானத்தின் அந்தக் கோடிவரை விரட்டிவிட்டு வருவான், அவள் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பாள், கறுப்பு. பெட்ரோலைக் குறைத்தால் வேகம் கூடும் என்று கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றி, இன்னும் சின்னத் துளையுள்ள ஜெட்டைப் போடுவாள். மறுபடி விரட்டல், மறுபடி கறுப்பு. வண்டியின் சத்தம் மட்டும் வேறு கதை சொன்னது. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டுக்குப் பின்னால் மண்ணைக் குவித்துத் தடம் போட்டிருந்தார்கள். மத்தியானம் ரேஸ். லைட், மட்கார்டு எல்லாவற்றையும் பிடுங்கியெறிந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பனிக்குள் உறுமிக்கொண்டிருந்தன.

"அக்கா, பிச்சிக்கிட்டுப் போகுது! இன்னும் ஒரு சைஸ் கம்மி பண்ணு. துலால்தா கோஷ்டி நம்ம புழுதியத்தான் திங்கணும்."

"ஃபுல் ஸ்பீட்லயே கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை நிறுத்தினியா?"

"நிறுத்தினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்தேன்."

"எப்படி வந்தே? வண்டிச் சத்தம் கேட்டுதே."

அஷ்வத் ஷூவைப் பார்த்தான். "அங்கேர்ந்து தள்ளிக்கிட்டா வரச் சொல்றே? வண்டி படுத்துடுச்சுன்னு எல்லாரும் சிரிப்பானுங்க. ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தேன். மெதுவாத்தானே வந்தேன்!"

அவள் கையிலிருந்த பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி படியும். வேகத்தில் அது எத்தனை வெளுத்திருந்தாலும் அந்தக் கரி மூடிவிடும். அவள் பார்த்ததெல்லாம் அவன் நிதானமாகத் திரும்பி வந்த கறுப்பு. அதை நம்பித்தான் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். பெட்ரோலில் கலந்துதான் ஆயிலும் போகிறது. அது குறைந்தால் பிஸ்டன் உருகிச் சிலிண்டரைக் கவ்வும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். அந்த நொடியே கிளட்சை இழுத்தால்தான் சக்கரம் விடுபடும். போன வருஷம் ரேஸ் ஓட்டிய ஹரிஷங்கருக்கு இங்கேதான் அப்படி ஆனது. அவன் தொடையில் இன்னும் இரும்புத் தகடு இருக்கிறது.

"முதல்ல போட்டிருந்த ஜெட்டைக் குடு."

"மாட்டேன்." ஜெட் டப்பாவை ஜாக்கெட்டுக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். "இப்பத்தான் வண்டி வண்டியா ஓடுது. நீ சும்மா பயப்படறே."

"சரி, நானே ஓட்டிப் பாக்கறேன். ஓட்டத்துல இன்ஜின் இறுகிப் பிடிச்சா உனக்குக் கிளட்சை இழுக்கத் தோணாது."

"நீயா? நம்ம பெஹாலா சந்துல ரெண்டாவது கியரைத் தாண்டியிருக்கியா நீ?"

"ஹெல்மெட்டைக் கழட்டுடா."

புதுப் பிளக்கைப் போட்டாள். ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கியது. கிளட்ச் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் குதிக்கிறவள் மாதிரி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள்.

முதல் சில நொடிகள் மோசமில்லை. அதுதான் பயமாக இருந்தது. வண்டி லேசாக, வெறியோடு பறந்தது. இதை விட்டுத் தரச் சொன்னால் எவன் தருவான்? பனிக்குள்ளிருந்து யார்டின் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. நிறுத்து, நிறுத்து என்று உடம்பு கெஞ்சியது. முறுக்கிய கையை அவள் தளர்த்தவில்லை.

பிறகு சத்தம் கம்மியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அவள் யோசிக்கவில்லை, விரல்கள்தான் கிளட்சை இழுத்தன. அதற்குள் பின்சக்கரம் ஒரு பக்கமாக அரைவட்டம் போட்டுவிட்டது. முகத்துக்கு நேரே சுவர் வந்து, விலகிப் போயிற்று. வண்டி சத்தமே இல்லாமல் உருண்டு நின்றது. காலைத் தரையில் ஊன்ற முயன்றாள். நின்ற வண்டியோடு சேர்ந்து சரிந்தாள்.

"கீ ஹோலோ, திதி?" என்று தூரத்திலிருந்து துலால் கத்தினான். என்ன ஆச்சு அக்கா என்று வங்காளத்தில் கேட்டவனுக்கு அவள் கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

அஷ்வத் ஓடி வந்தான். "உடைச்சிட்டியா? ரேஸ் போச்சா? நான் ஓட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது!"

வண்டியை நிமிர்த்திக் கிக்கரை மிதித்தான். இறங்கவில்லை. ஏறி நின்று முழு எடையையும் போட்டான். பாறை மேல் நிற்கிற மாதிரி நின்றான்.

மஹிமா தவழ்ந்து போய்ப் பிளக்கைக் கழற்றினாள். விரல் பொசுங்கியது. பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதன் மேல் மணல்மணலாக வெள்ளிப் பொட்டுகள். பிஸ்டன் உருகித் தெறித்த துளிகள்.

அவன் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு மண்ணில் டயர் இழுத்த வளைவைப் பார்த்தான், அது முடிந்த இடத்துப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தான்.

"நான் கிளட்ச் மேல விரலே வச்சிருக்க மாட்டேன் அக்கா" என்றான். குரல் சின்னப் பையனுடையதாக இருந்தது.

அவளுக்கு இப்போதுதான் முழு நடுக்கமும் வந்தது. பல் தந்தியடித்தது, தாடையைப் பிடித்தும் நிற்கவில்லை.

"குளிருதா?" என்றான்.

"வாயை மூடிக்கிட்டு பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தான். இன்ஜின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.