ஏழாவது கணக்கில் விட்டுப்போன வரி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் நான் அசடு வழிய வேண்டியிருக்கும். இது ஒரு பயிற்சித்தாளில் பிறந்தது. முதலாம் ஆண்டு, நிகழ்தகவு, ஏழாவது கணக்கு.

என் மனைவி கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டில் நான் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் அவள் என்னை எழுத்தாளரே என்பாள். பயிற்சித்தாள் தயாரிப்பதில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. எண்கள் அவளுடையவை, வாக்கியங்கள் என்னுடையவை. "ஒரு பை, அஞ்சு சிவப்பு, மூணு நீலம்" என்று ஒரு துண்டுத்தாளில் கிறுக்கித் தருவாள். நான் அதற்கு ஓர் ஆளைப் பிடித்து, அவன் கையில் பையைக் கொடுத்து, வாக்கியமாக்கித் தர வேண்டும். ஒருமுறை "வேலை போன ஒருவனின் பையில்" என்று ஆரம்பித்தேன். வேலை போனதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டாள்.

"ஏன், அவனுக்கு வேலை போகக் கூடாதா?"

"தாராளமா போகட்டும். அதனால பந்து குறையுமா?"

குறையாதுதான். விடைக்கு உதவாத ஒரு சொல்கூடக் கணக்கில் இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. பிழைப்பே உதவாத சொற்களால்தான் என்பது என் கட்சி. ஆனாலும் குடும்பம் ஓடுகிறது.

இன்று விடிந்ததும் கருத்தரிப்பு மையத்துக்குப் போய் அவள் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். பத்து மணிக்கு மேல் நர்ஸ் போன் செய்வார். கரு வைத்து இரண்டு வாரம் ஆகிறது, இது நான்காவது முறை. முதல் மூன்றும் தங்கவில்லை. இதுவும் தங்காவிட்டால் இத்தோடு போதும் என்று இருவரும் பேசி முடிவெடுத்தாயிற்று. அதாவது அவள் பேசினாள், நான் தலையாட்டினேன். போன் சாப்பாட்டு மேஜையின் நடுவில் கிடக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"அன்று காலை டீச்சர் ஜன்னலருகே நின்று, தெருவில் போகிறவர்களை—"

(விட்டுவிட்டேன். அவள் ஜன்னலருகே நிற்கவில்லை. குளியலறைக் குழாயின் உப்புக்கறையைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கதையில் கவலைப்படுகிறவர்கள் ஜன்னலருகே நிற்பார்கள். வீட்டில் கவலைப்படுகிறவர்கள் எதையாவது போட்டுத் தேய்ப்பார்கள்.)

இரண்டாவது முயற்சி:

"நிகழ்தகவு என்பது மனிதன் தன் அறியாமைக்குப் போட்ட சட்டை. அதன் பொத்தான்கள்—"

(சீ. பட்டிமன்ற வாடை.)

மூன்றாவது முயற்சியாக அந்தக் கணக்கையே கொடுத்துவிடுகிறேன். போன வாரம் அவள் தந்த துண்டுத்தாளில் இவ்வளவுதான் இருந்தது: "நாலுல ஒண்ணு. நாலு தடவை. ஒரு தடவையாவது. முதல் மூணும் இல்லைன்னா, நாலாவது?" நான் எழுதிக் கொடுத்தது இது:

"பழுதான ஓர் அழைப்புமணியை ஒரு முறை அழுத்தினால் அது ஒலிப்பதற்கான நிகழ்தகவு 1/4. பார்சல் கொண்டுவந்தவர் அதை நான்கு முறை அழுத்துகிறார். (அ) மணி ஒரு முறையாவது ஒலிப்பதற்கான நிகழ்தகவு என்ன? (ஆ) முதல் மூன்று முறையும் ஒலிக்கவில்லை எனில், நான்காவது முறை ஒலிப்பதற்கான நிகழ்தகவு என்ன?"

ஒரு சொல்லைக்கூட அவள் அடிக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நாலில் ஒன்று என்பது டாக்டர் எங்களுக்குச் சொன்ன வாய்ப்பு. நாலு தடவை என்பது நாங்கள். கையில் இருந்த தலையணை உறையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

(கணக்கு வராதவர்களுக்கு, என் இனத்தாருக்கு, ஒரு குறிப்பு. "ஒரு முறையாவது" என்பதை நேராகப் போட்டால் மண்டை காய்ந்துவிடும். குறுக்குவழி இதுதான். ஒரு முறைகூட ஒலிக்காமல் போவதைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். ஒலிக்காமல் போக முக்கால் வாய்ப்பு. முக்காலை நான்கு முறை பெருக்கினால் 81/256. ஒன்றிலிருந்து கழித்தால் 175/256. நூற்றுக்குச் சுமார் அறுபத்தெட்டு.)

3

இப்போது என் கதாநாயகிமேல் எனக்கு ஒரு சந்தேகம்.

ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சிக்னலில் நின்றோம். அவள் முழங்கைப் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள்:

"அறுபத்தெட்டு. பரவாயில்லை, நல்ல நம்பர்தான்."

அறுபத்தெட்டு என்பது முதல் முறை அழுத்துவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய எண். மூன்று முறை அழுத்தி, மூன்றும் ஒலிக்காமல் போன பிறகு மிச்சமிருப்பது ஓர் அழுத்தல். அதற்கு நாலில் ஒன்றுதான். (ஆ) பிரிவு கேட்பதே இதைத்தான். இப்படிப்பட்ட கணக்கில் வருஷா வருஷம் பாதி வகுப்பு (அ)வின் விடையையே (ஆ)வுக்கும் எழுதிவைக்கும். விடைத்தாள் கட்டோடு வீட்டுக்கு வந்து, "தலைகீழா நின்னு சொல்லிக்கொடுத்தேன், மறுபடியும் அதையே எழுதி உயிரை வாங்குதுங்க" என்று அவள் புலம்புவாள். அதே தப்பை அவளே சிக்னலில் நின்று சொல்கிறாள்.

இதை நீங்கள் நம்பப்போவதில்லை. புள்ளியியல் டீச்சர் இப்படித் தவறு செய்வாளா என்று கேட்பீர்கள். அவளுக்கு வேறு வேலை போட்டுப் பார்த்தேன்.

"வக்கீலான அவள் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அறுபத்தெட்டு என்று—"

(ஒட்டவில்லை. வக்கீல் சொன்னால் அது வெறும் தப்பு, யாராவது திருத்திவிட்டுப் போகலாம். டீச்சர் சொல்வதால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.)

பயத்தை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறையும் தங்கவில்லை என்று தெரிந்த அன்று அவள் வகுப்புக்குப் போனாள். பாடம் நடத்தினாள். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில், தோளில் மாட்டிய பையோடு, இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் விளக்கைப் போட்டேன். "அணைச்சிருங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கேஸ், பால், கரண்ட் பில் தவிர வேறு பேச்சு இல்லை. எனக்குக் குழந்தை வேண்டும், அதில் பொய் இல்லை. ஆனால் இன்றைக்கு என் கவலை அவள்தான். நாலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் விழுந்தால் ஒரு மாதிரி. அறுபத்தெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் விழுந்தால் நான் எப்படித் தூக்குவேன்?

போன் வருவதற்குள் சொல்லிவிட வேண்டுமா? சொல்லாமல் இருந்துவிட வேண்டுமா? திருத்தினால் கொடுமைக்காரன். திருத்தாவிட்டால், கூடவே நின்றும் பள்ளத்தைக் காட்டாதவன். குளியலறையில் டூத்பிரஷ் சத்தம் நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைக்கிறேன்.

4

போன் அடித்தது. இருவரும் ஓடிவந்து மேஜையில் இடித்துக்கொண்டோம். நான் எடுத்தேன். அவளுடைய அம்மா.

"மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா? சும்மாதான் போட்டேன். அங்க மழையா?"

"இல்லைங்க அத்தை."

"இங்கயும் இல்லை."

அதற்குப் பிறகு அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"சரி மாப்பிள்ளை, லைனை அடைச்சுக்கிட்டு இருக்க மாட்டேன். அவளை ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க."

"சரிங்க அத்தை."

(இந்த இடத்தில் அத்தையைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். மழையைப் பற்றிக் கேட்டதே போதும் என்று பட்டது.)

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கவிழ்த்து வைத்த பக்கம் அவள் கையில் இருந்தது.

5

நின்றபடியே படித்தாள். சட்டையைப் பிடித்து வகுப்புக்கு வெளியே தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். கடைசி வரி வரை படித்துவிட்டு, விடைத்தாள் கட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஓரத்தில் ஒரு டிக் போட்டாள்.

"கரெக்ட். நாலாவது தடவைக்கு அறுபத்தெட்டு வராது. பரவாயில்லையே, எழுத்தாளரே."

"நான் உன்னைத் திருத்தணும்னு—"

"இருங்க. ஆனா நீங்களும் ஒண்ணை விட்டுட்டீங்க. நாலாவது தடவைக்கும் நாலுல ஒண்ணுன்னு எதை வச்சு சொன்னீங்க?"

"கணக்குலயே இருக்கே."

"எந்த வரியில?"

பயிற்சித்தாளை எடுத்துவந்து தேடினேன். இல்லை. "ஒவ்வொரு அழுத்தலும் மற்றவற்றைச் சாராதது" என்று ஒரு வரி இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்கு எல்லாவற்றிலும் இருக்கும். நான் மறந்தால் அவளே சேர்த்துவிட்டு, அந்த வரி இல்லாவிட்டால் கணக்கே இல்லை என்று என்னை வறுத்தெடுப்பாள்.

"நான்தான் மறந்துட்டேன். நீ ஏன் சேர்க்கலை?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சேர்க்கலாம்னுதான் பேனாவை எடுத்தேன். கை வரலை."

"ஏன்?"

"மூணு தடவை அழுத்தி ஒலிக்கலை. அது நாலுல ஒரு தடவை ஒலிக்கிற மணியா, இல்லை உள்ளே கம்பியே அறுந்துபோச்சா? வெளியே நிக்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்? நாலு தடவையும் அதே மணிதானே. அதே உடம்புதானே."

"டாக்டர் நாலுல ஒண்ணுன்னு சொன்னாரே."

"அது வந்த எல்லாரோட சராசரி. அதுல ரெண்டாவது தடவையிலேயே பெத்துக்கிட்டவளும் இருக்கா, என்னைக்குமே நடக்காதவளும் இருக்கா. நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. அந்த வரியை எழுதினா எனக்கே தெரிஞ்சு எழுதுற பொய். எழுதலைன்னா கணக்கைப் போடவே முடியாது." அவள் பேனாவை மூடித் திறந்தாள். "அதான் அறுபத்தெட்டு. தப்புன்னு தெரிஞ்சேதான் வச்சிருக்கேன். இந்த ரெண்டு வாரம் எதையாவது பிடிச்சுக்க வேண்டாமா?"

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்க எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

எழுதுகிற பேனாவைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

(உன்னைத்தான் என்று சொல்லியிருக்கலாம். சினிமா வசனம் மாதிரி இருக்குமே என்று மென்று விழுங்கிவிட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன்.)

6

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன். எழுத எழுத அவள் பக்கத்தைப் பிடுங்கித் திருத்துகிறாள். திருத்தங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

முடிவு அ. போன் வருகிறது. நர்ஸ் வாழ்த்துச் சொல்கிறார். டீச்சர் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி—

[சிவப்பு மை: விம்ம மாட்டேன். ரத்தத்தில் ஹார்மோன் அளவு எவ்வளவு என்று கேட்பேன். உங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாதா?]

முடிவு ஆ. போன் வருகிறது. நர்ஸ் எடுத்த எடுப்பிலேயே, "மேடம், எப்படி இருக்கீங்க?" என்று விசாரிக்கிறார். அப்படி விசாரித்தாலே—

(மூன்று முறையும் அப்படித்தான் விசாரித்தார்கள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இந்த இடத்தில் சிவப்பு மையும் இல்லை. அவள் பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாமல், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.)

முடிவு இ. போன் வருவதே இல்லை. இருவரும் காத்திருக்கிறார்கள். வெயில் மேஜையைத் தாண்டிப் போகிறது. காத்திருப்பதே—

[சிவப்பு மை: இது ஏமாத்து. படிக்கிறவங்க அடிக்க வருவாங்க.]

எனக்கு ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. கேட்டுவிட்டேன்.

"டீச்சர், ரிசல்ட் இந்நேரம் அங்கே யாரோட கம்ப்யூட்டர்லயோ வந்திருக்கும். நடக்க வேண்டியது நடந்து முடிஞ்சுபோச்சு. நமக்குத்தான் தெரியாது. அப்பவும் இதுக்குப் பேரு நிகழ்தகவுதானா?"

யோசித்தாள்.

"முதல் வருஷ சிலபஸ்ல இல்லை" என்றாள். பிறகு, "எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. விடைத்தாளை மூன்று முறை கூட்டிச் சரிபார்க்கிறவள், பயம் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொண்டதில்லை. எனக்கும்தான் என்றேன். அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஏழாவது கணக்கைத் தாளிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், பிள்ளைகள் போட்டுப் பழகட்டும் என்றாள்.

முடிவு ஈ என்று எழுதிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் மையத்திலிருந்து—

7

போன் அடிக்கிறது. கதையில் இல்லை, மேஜையில்.

நான் கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு எடுத்தாள். எழுந்து நின்றுகொண்டாள்.

"ஆமா, நான்தான் பேசறேன்."

"ம்."

எதிர்முனையில் பேசுவது ஒரு கரகரப்பாக மட்டும் கேட்கிறது. அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறாள். என் பேனா தன்பாட்டில் எழுதிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று இருக்கிறது.

"சரிங்க. வச்சிடறேன்."

போனை மேஜையில் வைத்தாள். இப்போது என் பக்கம் திரும்புகிறாள். அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அ இருக்கிறது, ஆ இருக்கிறது, எது வேண்டுமோ எடுத்து முடித்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு நேரமும் நான் உங்களோடு பேசிக்கொண்டிருந்தது பயத்தில்தான். அவள் அங்கே தனியாக நிற்கிறாள். நான் போக வேண்டும்.