வலிக்காத நெஞ்சு

மைசூர் ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன் முடிந்த மறுநாள் கொர்னேலியஸ் சிரித்துப் பேசினார். "நஞ்சன்கூடு வாழைப்பழம் எப்போ சாப்பிடலாம்னு கேளேன்" என்று மனைவியைச் சீண்டினார். அந்த முகத்தெளிவைப் பார்த்த பிறகுதான் ஜெசிந்தாவுக்கு உயிரே வந்தது.

அப்போது கட்டிலருகே இதயத்துடிப்பு ஓடும் திரையைக் கவனித்த நர்ஸ், டாக்டரை அழைக்க ஓடினாள்.

"நெஞ்சு வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்லையே சார், ஆராமா, நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் அவசரமாக ஊசி போடச் சொல்லிவிட்டு, ஜெசிந்தாவை வெளியே அழைத்தார். "இதயத்துக்கு ரத்தம் சரியா போகலைம்மா. திரையில கோடு இறங்கியிருக்கு."

"வலிக்கவே இல்லைங்கிறாரே சார்! மிஷின் தப்பா காட்டுதோ என்னமோ!"

"பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்கு வலி தெரியாதும்மா. மிஷின் மாட்டலைன்னா நமக்கும் தெரிஞ்சிருக்காது."

காய்ச்சலோ கோபமோ, இத்தனை வருஷமும் கணவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவள் அவள். அந்த முகம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இதயம் தவித்திருக்கிறது.

மருந்து ஏற ஏற, மாலைக்குள் கோடு பழைய நிலைக்கு வந்தது. ஆபத்து விலகியது என்றார் டாக்டர்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று கேட்டார் கொர்னேலியஸ்.

ஜெசிந்தா அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.