உலர்த்தும் அறையில் ஒரு பலகை

தம்பி "சரி" என்று சொன்னது புதன்கிழமை. எட்டு மாதத்தில் முதல் "சரி". அதுவரை அவனிடம் எதைக் கேட்டாலும், சாப்பிட வா என்றாலும், முடி வெட்டிக்கொள் என்றாலும், கதவுக்குப் பின்னாலிருந்து "பாக்கலாம்க்கா" என்று ஒரே பதில்தான் வரும். அந்தப் பாக்கலாமுக்கு இல்லை என்று அர்த்தம் என்பது அவன் அக்காவுக்குப் புரியவே ஒரு மாதம் பிடித்தது. முதலில் வேலை போனது, பிறகு பழகிய பெண் போனாள், பிறகு உயிராக வைத்திருந்த அலைச்சறுக்குப் பலகையையும் எவனுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன்தான். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டே பேர்.

"பழைய போர்டு ஒண்ணு கிடைச்சா, ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போவியாடா?" என்று அவள் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். உள்ளேயிருந்து அந்தச் "சரி" வந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாளே வாங்கிவிட்டாள். விற்றவர் ஒரு பல் டாக்டர். பலகை அவருடைய கார் ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே கிடந்தது. அடிமாட்டு விலை. அந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. தோன்றியதை மென்று விழுங்கிவிட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு அல்ல, அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு. ஓட்டை உடைசல் இருந்து, அதைத் தம்பி பார்த்துத் தொலைத்தால் மறுபடியும் பாக்கலாம் ஆகிவிடும். அவனுக்குத் தெரியாமல் சோதித்து, சரிசெய்து, ஞாயிறு காலை கையில் கொடுத்துவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! பலகையைப் பற்றி அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும், போர்வை அலசும் நீளத் தொட்டியில் வெந்நீர் விட்டு, பலகையின் வால் பக்கத்தை உள்ளே அழுத்திப் பிடித்தாள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். குபுகுபுவென்று குமிழ்கள் கிளம்பின. தூக்கி நிமிர்த்தினால், ஒரு விரல் நீள விரிசலிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது.

அப்போது பார்த்து மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார். சலவைக்கூடத்தில் அந்த மனிதருக்குக் கஞ்சி என்று பெயர். அப்படியொரு விறைப்பு. கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவரோ பலகையைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், தம்பிக்கா என்று கேட்டார் (அவன் கதை கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்), திங்கட்கிழமை இது இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கஞ்சியே இளகிவிட்டார் என்றால் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அவள் நம்பினாள்.

ஈரமா? சூடு காட்டு. பத்தொன்பது வருடமாக அவள் படித்த படிப்பு அது ஒன்றுதான். உலர்த்தும் அறையில் கம்பளிகளுக்கு நடுவே பலகையை நிறுத்தி, கம்பளிக்கு வைக்கும் சூட்டையே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். அடிப்பாவி, யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

சனிக்கிழமை எடுத்துப் பார்த்தபோது சொட்டு ஈரமில்லை. தூக்கவும் லேசாக இருந்தது. நடுவில் மட்டும் மேல்தோல் உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. சூடு ஆறினால் அமுங்கிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரிசலில் பசையை அடைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். போர்டு வாங்கியாயிற்று என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் கதவுக்குப் பின்னாலிருந்து அவனாகவே கேட்டான்: "போர்டு நல்லாருக்காக்கா?" நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தாழ்ப்பாள் விலகியது. தாடியை மழித்திருந்தான். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. பழைய அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டு இறுக்கியிருந்தான். இவ்வளவு மெலிந்துவிட்டானா என்று நினைத்தாள். ஆனாலும் சிரித்துக்கொண்டே பலகையை எடுத்து வந்து நீட்டினாள்.

வாங்கியதும் தடவிப் பார்த்தான். உப்பிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். பொசுக்கென்று உள்ளே போனது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்ததும் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிளம்பி வந்தது.

"இத எங்கக்கா வச்சிருந்த?"

சொன்னாள். வெந்நீர், குமிழ், உலர்த்தும் அறை, ஒன்று விடாமல் சொன்னாள். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவள் பிழைத்துப் போயிருப்பாள்.

"சூடே காட்டக் கூடாதுக்கா. உள்ள இருக்கறது ஃபோம். மேல ஒட்டியிருந்தது எல்லாம் விட்டுப்போச்சு. அலையில போனா ரெண்டா ஒடிஞ்சிரும்." பலகையை மெதுவாகச் சுவரில் சாய்த்து வைத்தான். "அந்த விரிசல் ஒண்ணும் பெருசில்ல. நெழல்ல காய வச்சு, மேல டேப் ஒட்டியிருந்தா இன்னிக்குப் போயிருக்கலாம். எங்கிட்ட காட்டியிருக்கலாமே."

காட்டியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் இருந்தான். எட்டு மாதமாகச் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுக் கேட்டு அவனைப் பிடுங்கி எடுத்தவள், அவனுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க ஒரு காரணம் கையில் கிடைத்தது. அதையும் கொண்டுபோய்க் கம்பளியோடு வேகவைத்துவிட்டாள். தலையிலடித்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேற ஒண்ணு வாங்கலாம்டா. இந்தத் தடவ நீயே வந்து பாத்துச் சொல்லு."

அவன் கயிற்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அழுதுவிடக் கூடாதே என்று கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தான்.

"பாக்கலாம்க்கா" என்றான்.

உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுந்தது.