முதுகில்லாத கோட்டு

கோட்டின் ஒரு கையைப் பிடித்து ஃபிளோரா இழுத்தாள். மறு கையை அம்மா சவரியம்மாள் விடுவதாக இல்லை.

"விடும்மா. இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடுறேன்."

"அப்பா கேட்டதுடி அது. போகும்போது கோட்டைப் போட்டுத்தான் அனுப்பணும்னாரு."

"இந்தக் கோட்டுதாம்மா அவரைக் கொன்னுச்சு!"

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் ஜேசுராஜ் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஜெபமாலை. திருக்காட்டுப்பள்ளியில் தியாகராசனின் பேண்டு செட்டில் நாற்பது வருஷம் பெரிய டிரம் அடித்தவர். நேற்றுக் காலை காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தவர்தான். அறுபத்தெட்டு வயது. இன்று நாலு மணிக்கு அடக்கம்.

ஃபிளோரா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் வயலிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் ஆட்களைத் தூக்கி வருவார்கள். ஈரத்துணி போட்டுப் போட்டு அவள் கை ஊறிப்போகும். வெயில் ஒரு ஆளை என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவின் கோட்டோ கம்பளி மாதிரி கனம். உள்ளே லைனிங், வெளியே சரிகை. அதை மாட்டிக்கொண்டு நெஞ்சில் டிரம்மையும் சுமந்து நடந்தவர், இரண்டு வருஷத்துக்கு முன் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் டிரம்மோடு விழுந்தார்.

"கோட்டை விடுங்க, இல்லைன்னா பேண்டை விடுங்க" என்று அன்றைக்கே ஃபிளோரா கறாராகச் சொல்லிவிட்டாள். "சரிம்மா" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கோட்டோடு சுவரில் சாய்ந்து, கைக்கண்ணாடியில் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரம் அவள் அவரோடு பேசவில்லை. முந்தாநாள் உச்சிவெயிலில்கூட ஒரு ஊர்வலத்துக்கு வாசித்துவிட்டு வந்திருந்தார். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சொன்னதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் கோபத்தில் வெடுக்கென்று இழுத்தாள். அம்மாவின் பிடி நழுவியது. கோட்டு அவள் கையில் விரிந்தது.

காலர் இருந்தது. தோள் இருந்தது. பளபளவென்று தேய்த்த ஐந்து பித்தளைப் பொத்தான்கள் இருந்தன. முதுகு இல்லை. தோளுக்குக் கீழே இடுப்பு வரை ஜன்னல் மாதிரி திறந்து கிடந்தது. ஓரமெல்லாம் மடித்து மெஷினில் அடித்திருந்தது.

"என்னம்மா இது?"

"மெதுவாப் பேசு." சவரியம்மாள் கதவைச் சாத்தினாள். "நீ திட்டினியே, அன்னைக்கு ராத்திரியே என்னை வெட்டச் சொல்லிட்டாரு. டிரம்முக்குக் கடைசி வரிசைதானே, முதுகை யாரு பாக்கப்போறான்னாரு. அந்த இடத்துல ஈரத்துண்டைப் போட்டுக்குவாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பொண்ணுகிட்ட தோத்துட்டேன்னு ஆயிடுமாம்."

தோற்றதை மறைக்க மனுஷன் இரண்டு வருஷம் பாடுபட்டிருக்கிறார்! ஃபிளோராவுக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. கூடத்திலிருந்த பெண்கள், பாவம், பொண்ணு இப்போதுதான் வாய்விட்டு அழுகிறது என்று நினைத்து இன்னும் சத்தமாக ஜெபம் சொன்னார்கள். அவள் அழவும்தான் செய்தாள். அப்பா கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்கிறார்.

மூன்று மணிக்குத் தியாகராசன் தன் ஆட்கள் ஆறு பேரோடு வந்து இறங்கினார். ஏழு பேரும் முழுக் கோட்டில். கிளாரினெட் தமிழரசனின் முகம் வெந்த இறால் நிறத்தில் இருந்தது. தியாகராசனின் கழுத்தில் வேர்க்குருவும் அதன்மேல் அப்பிய பவுடரும் தெரிந்தன.

"அண்ணி, கோட்டைக் கொடுங்க. என் கையால நானே மாட்டி விடுறேன்" என்றார்.

சவரியம்மாள் மகளைப் பார்த்தாள். கோட்டு விஷயத்தில் தியாகராசன் யாருக்கும் மசியாத ஆள். பருத்திச் சட்டை போதுமே என்று ஜேசுராஜ் ஒருமுறை கேட்டதற்கு, "கோட்டு இல்லாட்டி நாம பேண்டா, பந்தல்காரனா?" என்று கத்தியவர். கடைசி நாளில், ஊர் முன்னால், அப்பாவின் மானம் போகப்போகிறதே என்று ஃபிளோராவும் பயந்தாள்.

தியாகராசன் கோட்டை வாங்கி உதறினார். அவர் கை மறுபக்கம் வந்துவிட்டது.

"மாட்டுறதுக்கு லேசா இருக்கட்டும்னு இப்பதான் வெட்டினோம், தம்பி" என்றாள் சவரியம்மாள்.

அவர் ஓரத்தைத் தடவினார். வியர்வை உப்புப் பூத்து வெளுத்த தையல்.

"தையல் பழசா இருக்கே, அண்ணி."

"ரெண்டு வருஷம் ஆச்சு, சித்தப்பா" என்றாள் ஃபிளோரா. "நான்தான் திட்டினேன். அப்பாமேல தப்பு இல்லை."

தியாகராசன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஆறு பேரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமாடா?"

"தெரியும் மாஸ்டர்" என்றான் தமிழரசன். "நீங்க முன்னால நடப்பீங்க. உங்களுக்குத் தெரியாது."

"அப்ப நீங்க ஏண்டா வெட்டலை?"

"நாங்க நடு வரிசை மாஸ்டர்."

யாரோ களுக்கென்றார்கள். தியாகராசன் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெட்டி திறந்ததும் குனிந்து, கோட்டை ஜேசுராஜின் மேல் முன்பக்கமாகவே வைத்துக் கைகளை நுழைத்தார். ஐந்து பொத்தான்களையும் பொறுமையாகப் போட்டார். காலரை நீவிவிட்டார். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை, ராஜா மாதிரி இருந்தார். பிறகு தியாகராசன் தன் கோட்டைக் கழற்றினார்.

"ஃபிளோரா, கத்திரிக்கோல் இருக்காம்மா?"

நாலு மணிக்கு ஊர்வலம் காவிரிக்கரைச் சாலையில் திரும்பியது. முன்னால் பேண்டு, நடுவில் பெட்டி, பின்னால் வீட்டார். ஜேசுராஜுக்குப் பிடித்த கல்யாணப் பாட்டைத்தான் வாசித்தார்கள். எதிரே வந்தவர்கள் சிவப்புக் கோட்டும் சரிகையும் பார்த்து ஒதுங்கி நின்றார்கள். பின்னால் நடந்தவர்களுக்குத் தெரிந்தது ஏழு பனியன்கள்.

சவரியம்மாள் அவற்றையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பிறகு மகளின் காதருகே வந்தாள்.

"அவசரத்துல சும்மா வெட்டி வச்சிருக்காங்க, பாரு. நூல் பிரியுது. நாளைக்கு எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லு, மடிச்சு அடிச்சுக் கொடுத்துடுறேன்."

"சொல்றேம்மா" என்றாள் ஃபிளோரா.

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. முன்னால் போன ஏழு பனியன்களும் ஒருசேர உப்பி அடங்கின.