எஞ்சின் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எண்ணூர் விரைவுச்சாலையில், இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், டெபோராவின் கார் எஞ்சின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. ஸ்டியரிங் கனத்தது. பிரேக் கல்லைப் போல இறுகியது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அழுத்தியபடி ஒடித்துக் கடந்தபோது, அதன் சக்கரம் அவள் முகத்துக்கு நேராக உருண்டு போனது. பக்கத்து இருக்கையில், டயாலிசிஸ் முடிந்த களைப்பில் சாய்ந்து கிடந்த கணவன் சாலமன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து எஞ்சின் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது.

இது மூன்றாவது தடவை.

சாலமன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு, செவ்வாய், வியாழன், சனி என்று திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறான். ஆட்டோவில் திரும்பினால் குலுக்கலில் வழியெல்லாம் வாந்தி. அதற்காகவே டெபோரா முப்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, இந்தப் பழைய காரை வாங்கினாள்.

மெக்கானிக் லியாகத் அலி முதல் தடவையே ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டார். எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் கோளாறு என்று ஸ்கேனரில் எரர் கோடு காட்டியது. புதுசு மாற்றினார். அப்புறமும் நின்றது. ஆனால் அவர் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் ஒழுங்காக ஓடியது. செவ்வாய் சாயங்காலம், இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். வியாழக்கிழமை விடிந்தால் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று டெபோரா காரோடு திரும்பி வந்துவிட்டாள்.

புதன்கிழமை காலை, தானே வாங்கியிருந்த சின்ன ஸ்கேனரை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகி போனில் பார்த்தாள். அதே எரர் கோடு. சென்சார் புதுசு, கோடு பழசு. வீட்டில் போன் சார்ஜர் ஒயரை ஒரு பக்கம் வளைத்தால் ஏறும், மறுபக்கம் வளைத்தால் ஏறாது. சென்சார் ஒயரும் அப்படி இருக்குமோ என்று தோன்றியது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான்: எஞ்சின் இங்கே, வாசலில், அவள் கண்ணெதிரில் நிற்க வேண்டும்.

சாலமன் மெல்ல வந்து டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தான். கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட்பிரேக்கையும் இரண்டு முறை பார்த்துவிட்டு, போனை அவன் கையில் கொடுத்து, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் எண் விழுந்தால் உடனே சொல்லச் சொன்னாள். வளையலைக் கழற்றி, முடியை இறுக்கிக் கட்டி, ஒரு நீள மரக்கரண்டியுடன் பானெட்டைத் திறந்தாள்.

இருபது நிமிடம் எஞ்சின் ஓடிச் சூடேறியது. திடீரென ரேடியேட்டர் ஃபேன் உறுமிக்கொண்டு சுழல, டெபோரா பின்னால் துள்ளிச் சுவரில் இடித்துக்கொண்டாள். கரண்டி கொஞ்சம் தவறினால் ஃபேனில் போகும். ஃபேன் நிற்கும்வரை காத்திருந்து, சென்சாரிலிருந்து வரும் ஒயரைக் கரண்டியால் மெதுவாக அழுத்திக்கொண்டே போனாள்.

"எட்நூத்தி அம்பது," என்றான் சாலமன். "அப்டியே கீது."

இன்னும் ஒரு சாண் தள்ளி அழுத்தினாள். எஞ்சின் சட்டென்று அடங்கியது.

"ஜீரோ ஆயிட்ச்சு டெபோ."

மறுபடி ஓட விட்டாள். மறுபடி அதே இடம், மறுபடி ஜீரோ. சூடு ஆறியதும் குனிந்து பார்த்தாள். பிடித்து வைக்கும் கிளிப் உடைந்து, ஒயர் ஒரு இரும்புத் தகட்டில் உராய்ந்து தோல் உரிந்திருந்தது. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்று இந்த ஒரு விரல் நீள ஒயர்தான் லாரிக்கு முன்னால் அவர்களை நிறுத்தியிருக்கிறது.

சாலமன் கதவைத் திறந்து அவளைப் பார்த்தான். "நேத்து நான் தூங்கல. பயந்துட்டேன். நீ என் மூஞ்சிய பாத்தா இன்னும் பயப்புடுவியேன்னு கண்ண மூடிக்கினேன்."

அவள் எட்டி அவன் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போன் செய்ததும் லியாகத் அலி சாயங்காலமே வந்தார். ஒயரை வெட்டி, புதுத் துண்டு பற்றவைத்து, டேப் சுற்றி, தகட்டுக்கு எட்டாமல் கட்டினார். ஸ்கேனரில் எரர் கோடை அழித்தார். தான் சென்சாரோடு நிறுத்தியிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை அதே சாலை, அதே லாரிகள். டெபோராவின் காது முழுக்க எஞ்சின் சத்தத்திலேயே இருந்தது.

"மறுக்கா நின்னா இன்னாபா பண்றது?" என்று கேட்டாள்.

"ஓரமா தள்ளலாம். நா எறங்கி கை குடுக்கறேன்," என்றான், நாலு படி ஏற முடியாதவன்.

கார் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் அவள் விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை. சாலமன் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.