பத்து மணிக்கு மழை

"அந்தப் பெட்டியில பஞ்சு இருக்கா பாரு" என்றாள் அம்மா. அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

மகள் பெட்டியைத் திறந்தாள். பெரிய சுருளாகப் பஞ்சு இருந்தது. அதிலிருந்து இரண்டு சிறு உருண்டைகள் கிள்ளி நீட்டினாள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இவருக்கு இல்ல. வகுப்புக்கு. மேகம் பண்ணணும். உள்ளயே வெச்சிடு."

காலை ஆறே முக்கால். அப்பாவின் மூச்சு நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழ் வீட்டு டாக்டர் வந்து பார்த்து, காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா புது விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்துச் செருகினாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள். ஒரு சுருக்கம் இல்லை.

"நீ இன்னைக்குப் போறியா?"

"போகலேன்னா?"

மகளுக்குப் பதில் தெரியும். மழலையர் பள்ளி ஆசிரியை உரிமத்துக்கு மூன்று வருடத்துக்குள் இரண்டாயிரத்து நானூறு மணி நேரப் பயிற்சி. கடைசியில், உரிம வாரியத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார். அம்மா பயிற்சி பெறும் பள்ளிக்கு அவர் வருடத்துக்கு ஒரு நாள்தான் வருவார். இன்று விட்டால் அடுத்த வருடம். அதற்குள் முதல் வருடத்து மணிகள் காலாவதியாகிவிடும். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை மழலையர் பள்ளி, இரண்டு முதல் பத்து வரை சலவைக் கூடம் என்று அம்மா ஓடிய மூன்று வருடமும் வீண்.

அப்பாவுக்கு அது மூன்று வருட வேடிக்கை. அம்மாவுக்குப் 'புரொபசர்' என்று பெயர் வைத்திருந்தார். "ஒண்ணு ரெண்டு மூணு சொல்லித்தர லைசன்ஸா? அப்ப நான் ஏப்பம் விடறதுக்கும் ஒண்ணு வாங்கணும்." ஆறு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அந்த வாய் மட்டும் படுக்கவில்லை. "வாங்க புரொபசர். இன்னைக்கு என்ன ஆராய்ச்சி? களிமண்ணா?" நேற்றுக்கூடக் கேட்டார். மகளும் சிரித்தாள். இயற்பியலில் பட்டம் வாங்கியவள். மூன்று நேர்முகத் தேர்வில் வாயே திறக்காததால் வீட்டில் இருப்பவள். சிரிப்பதற்கு மட்டும் கூச்சப்படவில்லை.

ஏழரைக்கு அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்தவள், செருப்பைக் கழற்றி ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடர்ந்தாள். ஆறு மாதத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் அப்பாவைவிட லிஃப்ட் வேலை செய்யாததைப் பற்றித்தான் அதிகம் வருத்தப்பட்டாள்.

பின்னாலேயே சித்தப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். வந்ததும் நாற்காலியை நடு ஹாலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு போனில் பேசும்போதே இன்னொரு போனைத் தடவினார். "மூணு மணிக்கு எடுக்கறோம்… ஆமா, எல்லாம் நான்தான் பார்த்துக்கறேன். வேற யாரு இருக்கா?"

அம்மா குளித்து, பள்ளியின் நீல உடுப்பு போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

போன் சித்தப்பாவின் காதிலிருந்து இறங்கியது. "எங்க போறீங்க அண்ணி?"

"எனக்கு இன்னைக்குப் பரீட்சை."

அத்தை அழுகையை நிறுத்தினாள். "என் தம்பி கட்டையா கிடக்கான். நீ பொம்மை வெட்டப் போறியா?"

"பொம்மை இல்லக்கா. மேகம்."

"லைசன்ஸ்தானே அண்ணி வேணும்?" என்றார் சித்தப்பா. "எங்கிட்ட சொல்லியிருந்தா பதினஞ்சு நாள்ல எடுத்துக் குடுத்திருப்பேனே." சுற்றிலும் பார்த்தார். சாவு வீடு என்பது நினைவுக்கு வர, சிரிக்க எடுத்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

அம்மா மகளைப் பார்த்தாள். "பெட்டியைத் தூக்கிட்டு வர்றியா? இல்ல, இவங்களோட இருக்கியா?"

மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அதில் துணிச்சல் ஒன்றும் இல்லை. இவர்களோடு இருக்க முடியாது, அவ்வளவுதான்.

பேருந்தில் அம்மா கம்பியைப் பிடித்து நின்றபடி கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பிரார்த்தனை என்று நினைத்து, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து இடம் விட்டார். பாடத்தின் ஆறு படிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது மகளுக்குத் தெரியும். போன வாரம் இந்தப் பாடத்தை மகள்தான் கிண்டல் செய்தாள். மேகம் பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சாது, இது அறிவியலே இல்லை என்றாள். அம்மா காகிதத்தை வெட்டிக்கொண்டே, "மூணு வயசுக்கு இது போதும். மிச்சத்தை உன்னை மாதிரி படிச்சவங்க சொல்லிக் குடுப்பாங்க, வாயைத் திறந்தா" என்றாள்.

வகுப்பில் பதினோரு குழந்தைகள். முழங்காலைவிடத் தாழ்ந்த நாற்காலிகள். அதில் ஒன்றில் உரிம வாரியத்து மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி, மடியில் அட்டை, அட்டையில் கட்டம் கட்டமாகத் தாள். அந்தக் குட்டி நாற்காலியிலும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார முடிந்தது அவரால்.

சரியாகப் பத்து மணிக்கு அம்மா மழையை ஆரம்பித்தாள். கிண்ணத்தில் நீலத் தண்ணீர். ஆளுக்கொரு பிடி பஞ்சு.

"தண்ணி எங்க போச்சு?"

"பஞ்சு குடிச்சிடுச்சு" என்றாள் ஒரு சிறுமி.

"இன்னும் குடிக்குமா?"

"குடிக்கும்."

"எவ்வளவு?"

"வயிறு ரொம்பற வரைக்கும்."

"வயிறு ரொம்பிட்டா?"

பஞ்சிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வகுப்பு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மகளும் பார்த்தாள். அவளுடைய கல்லூரியில் ஒரு பேராசிரியருக்குக்கூட அப்படி ஒரு மௌனம் கிடைத்ததில்லை.

அப்போது 'வாலு' என்று எல்லோரும் கூப்பிடும் பையன், பக்கத்துப் பிள்ளையின் பஞ்சைப் பிடுங்கி மதிப்பீட்டாளரின் காலணிமேல் பிழிந்தான். பிடுங்கக் கூடாது என்று, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியை சொன்னதும் தரையில் விழுந்து கத்தினான். அம்மா அவன் பக்கத்தில் முட்டி போட்டு, முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. "கோபமா இருக்கே. தெரியுது. கோபப்படலாம். பிடுங்கக் கூடாது. கிண்ணத்தைப் பிடிச்சுக்கறியா, துணியால துடைக்கறியா?" அவன் யோசித்தான். துடைக்கிறேன் என்றான். அதிகாரியின் காலணியைத்தான் முதலில் துடைத்தான்.

அதிகாரி காலை உள்ளே இழுத்துக்கொண்டு எதையோ எழுதினார்.

வகுப்பு முடிந்ததும் தாளின் கீழே கையெழுத்துப் போட்டார். "தேர்ச்சிதான். ஆனா உற்சாகம்ங்கிற கட்டத்துல அஞ்சுக்கு ரெண்டுதான் போட முடிஞ்சுது. முகத்துல ஒரு சிரிப்பு வேணும்மா. பிள்ளைங்க டீச்சர் முகத்தைத்தான் பார்க்கும். வீட்டுக் கவலையை எல்லாம் வாசல்லயே விட்டுட்டு வரணும்."

"சரிங்க மேடம்" என்றாள் அம்மா.

மகளின் தொண்டையில் ஒரு வாக்கியம் முழுதாக உருவாகி நின்றது. எழுவாய், பயனிலை, எல்லாம் இருந்தது. வாயைத் திறந்தாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்து, "பெட்டியை மறந்துடாதே" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். பேச்சு சட்டென்று நின்றதிலிருந்தே எதைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தது.

அத்தை எழுந்தாள். இருபது பேர் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெம்பாக இருந்தது. "வந்துட்டாளா மகராசி! புருஷன் பொணமா கிடக்கறப்ப பாட்டுப் பாடிட்டு வந்துட்டாளா! ஊரே காறித் துப்புது. எங்க குடும்பத்துல இப்படி ஒருத்தி…" கால் பின்னியது. தரையில் சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

சித்தப்பா, "பார்த்தீங்களா, அக்காவுக்குப் பிரஷர் வேற" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அம்மா கைப்பையை மகளிடம் கொடுத்தாள். அத்தையின் முன்னால் முட்டி போட்டாள். முகத்துக்கு நேராக முகம்.

"கோபமா இருக்கீங்க அக்கா. தெரியுது."

அத்தை திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"கோபப்படலாம். கத்தக் கூடாது. தண்ணி வேணுமா, சாஞ்சுக்கத் தலையணை வேணுமா?"

அத்தையின் வாய் திறந்தபடி இருந்தது. அறுபத்தெட்டு வயதில் அவளிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போலும். அம்மாவைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் போனைத் தடவினார்.

"தண்ணி" என்றாள்.

"நல்லது" என்று அம்மா எழுந்தாள்.

மகள் சமையலறைக்கு ஓடினாள். தண்ணீர் பிடிக்கும்போது சிரிப்பு வந்தது. குழாயை முழுதாகத் திறந்து விட்டு, குனிந்து நின்றாள். சிரிப்புத்தான் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, இல்லை என்று தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு டம்ளரை எடுத்துப் போனாள். அத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு ஹாலில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். சுவரோரமாக, காலை மடக்கி, ஒழுங்காக உட்கார்ந்தார்கள்.

மூன்று மணிக்குக் கீழே வண்டி வந்து நின்றது. சித்தப்பா சுறுசுறுப்பானார். "ஆகட்டும், ஆகட்டும். தூக்கறவங்க வாங்க. யாரும் வழியில நிக்காதீங்க." நான்கு பேர் கட்டிலை நோக்கி வந்தார்கள்.

அம்மா அதுவரை சுவரோரம் இருந்தாள். எழுந்து கட்டிலருகே வந்தாள். குனிந்து, அப்பாவின் காதருகே வாயை வைத்தாள். மகள் பக்கத்தில் நின்றதால் அவளுக்கு மட்டும் கேட்டது.

"முடிஞ்சுது. பாஸ்."

சொல்லிவிட்டு அம்மா நிமிரவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பி, இப்போது தன் காதை அவர் வாய்ப்பக்கம் வைத்து, அப்படியே குனிந்து நின்றாள்.

வண்டிக்காரர் கீழிருந்து ஹாரன் அடித்தார். "அண்ணி, நேரமாகுது" என்றார் சித்தப்பா வாசலில் இருந்து, செருப்பை மாட்டிக்கொண்டே.

அம்மா திரும்பவில்லை. கையை மட்டும் பின்பக்கமாக உயர்த்தினாள், விரல்களை விரித்து, உள்ளங்கை வாசலைப் பார்க்க.

தூக்க வந்த நால்வரும் நின்றார்கள். ஒரு காலில் செருப்போடு சித்தப்பாவும், அடுத்த காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.